குனிந்து எடுக்கப் போன கை

அன்புள்ள கயலுக்கு,

மியூனிக்கில் வகுப்புகள் தொடங்கிவிட்டன என்று எழுதியிருந்தாய். பல்கலைக்கழக வாசலில் துண்டறிக்கைகள் சிதறிக் கிடப்பதாக நினைத்துக் குனிந்து எடுக்கப் போனாயாம். தொட்ட பிறகுதான் அவை நாஜிகளை எதிர்த்த சோஃபி ஷோல் முதலிய மாணவர்களுக்காகத் தரையில் பதித்த நினைவுச்சின்னம் என்று தெரிந்ததாம். “சோஃபிக்கு அந்தத் துணிச்சல் பிறவியிலேயே இருந்திருக்கும், நமக்கெல்லாம் வராது அத்தை” என்று முடித்திருந்தாய். அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபோது சோஃபிக்குப் பதினொரு வயது. அப்பா ராபர்ட் ஷோலுக்கு நாஜிகளைக் கண்டாலே ஆகாது. அவர் சொல்லியும் கேட்காமல் பிள்ளைகள் நாஜி இளைஞர் அமைப்புகளில் ஆசை ஆசையாகச் சேர்ந்தார்கள். சீருடையும் பாட்டும் முகாமும் அந்த வயதில் யாரைத்தான் இழுக்காது? சோஃபி அங்கே சிறுமிகள் குழு ஒன்றுக்குத் தலைவியாகவும் இருந்தாள்.

அந்த மயக்கம் ஒரே நாளில் தெளியவில்லை. 1937இல், தடைசெய்யப்பட்ட இளைஞர் குழுவில் இருந்ததாக அண்ணன் ஹான்ஸைப் பிடித்துப் போனார்கள். 1942இல் ஹிட்லரைப் பழித்துப் பேசியதற்காக அப்பா சிறைக்குப் போனார். ஒவ்வொரு முறையும் தான் நம்பியதைத் தானே எடுத்து விசாரித்தாள் சோஃபி. துணிச்சலின் முதல் பாடம் அதுதான், கயல். அடுத்தவரை எதிர்ப்பதைவிட, ‘நேற்று நான் நம்பியது தப்பு’ என்று தனக்குத் தானே ஒப்புக்கொள்வது கடினம்.

1942 மே மாதம் உயிரியலும் தத்துவமும் படிக்க அவள் மியூனிக் வந்தாள். ஹான்ஸும் அவன் நண்பர்களும் ‘வெள்ளை ரோஜா’ என்ற பெயரில் துண்டறிக்கை எழுதத் தொடங்கினார்கள். போலந்தில் மூன்று லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டதை இரண்டாவது அறிக்கையிலேயே சொன்னார்கள். சோஃபி செய்த வேலைகளைக் கேட்டால் உனக்கு வியப்பாக இருக்கும்: தபால்தலை வாங்குவது, உறை வாங்குவது, கணக்கு எழுதுவது. மொத்தமாக வாங்கினால் சந்தேகம் வரும் என்று ஒவ்வொரு தபால் நிலையமாக அலைந்து கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினார்கள். கடிதங்களைப் பையில் வைத்து ரயிலேறி வெளியூர்களில் போய்ப் போட்டார்கள். சோதனையில் பை திறக்கப்பட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

1943 பிப்ரவரி 18. அண்ணனும் தங்கையும் ஒரு பெட்டி நிறைய அறிக்கைகளை வகுப்பறை வாசல்களில் வைத்தார்கள். மிச்சத்தை மாடியிலிருந்து கூடத்துக்குள் தள்ளிவிட்டாள் சோஃபி. பல்கலைக்கழகப் பணியாள் பார்த்துப் பிடித்துக் கொடுத்தார். விசாரணையில் முதலில் மறுத்தாள். அண்ணன் ஒப்புக்கொண்டது தெரிந்ததும் பழியைத் தானும் ஏற்றாள். 22ஆம் தேதி தீர்ப்பு. அன்றே ஹான்ஸ், கிறிஸ்டோஃப் புரோப்ஸ்ட் இருவரோடு அவள் தலையும் துண்டிக்கப்பட்டது. அவளுக்கு வயது 21. அவர்களுடைய கடைசி அறிக்கை எப்படியோ இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. அதே ஆண்டு நேச நாட்டு விமானங்கள் அதை அச்சடித்து ஜெர்மனி மீதே தூவின.

உயிரைக் கொடு என்று எந்த அத்தையும் எழுதமாட்டாள். நீ நூறாண்டு வாழ வேண்டும். கூட்டம் கைதட்டும்போது ஒரு கணம் உன் கையை நிறுத்தி யோசி. மனதில் பட்டதை நம்பகமான ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல். சின்ன வேலை என்று எதையும் தள்ளாதே. இவ்வளவுதான் கேட்கிறேன்.

அன்று அந்தத் தாளைக் கையில் வைத்திருப்பதே ஆபத்து. உன் கை யோசிக்காமல் குனிந்து எடுக்கப் போயிருக்கிறது. துணிச்சல் வராது என்று இனி எழுதாதே.

அன்புடன்,
அத்தை