நிழலில் வளரும் நீர்ச்செடி

"அறையிலே வெயில் எட்டிப் பார்ப்பதில்லை, மீன்தொட்டியில் செடி எப்படி வளரும்?" மைசூரில் வாடகை வீடெடுத்துத் தங்கிப் படிக்கும் நண்பர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. விடை நம் ஊர் நாட்டுமருந்துக் கடையிலேயே இருக்கிறது!

அங்கே 'நாட்டு அதிவிடயம்' என்று விற்கும் உலர்ந்த கிழங்கு, கிரிப்டோகொரைன் ஸ்பைராலிஸ் என்னும் நீர்ச்செடியினுடையது. சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தது; தென்னாட்டின் வாய்க்கால்களிலும் வயலோரங்களிலும் வளர்வது. 1779-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ரெட்சியஸ் இதனை முதன்முதல் விவரித்து எழுதினார். இதன் இனத்ததாகிய இலங்கைச் செடி கிரிப்டோகொரைன் வெண்டியை. 1958-இல் பெயர் பெற்ற இதுவே தொட்டிக்கு எல்லாவற்றிலும் எளியது.

இவ்வினச் செடிகள் பல மரநிழல் ஓடைகளில் பழகியவை. குறைந்த ஒளியில் சிறிதளவே உணவு சமைக்கும், சிறிதளவே செலவிடும். ஆகவே, கரியமில வாயுவைக் குழாய் வைத்து ஊட்ட வேண்டியதில்லை. எளிய எல்.இ.டி. விளக்கு ஒன்று நாளொன்றுக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும். கூடுதலாக எரித்தால் செடி விரைந்து வளரும் என்று எண்ணாதீர்கள். விரைந்து வளர்வது பாசிதான். மெல்ல வளரும் செடியின் இலை நெடுநாள் நிற்பதால் பாசி அதன்மேல் எளிதில் படிந்துவிடும்.

கழுவிய மணலை 5 சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்பி, வேர் புதையவும் குருத்து வெளியே நிற்கவும் நடுங்கள்.

இனித்தான் சோதனை. நட்ட சில நாட்களில் இலைகள் கண்ணாடிபோல் வெளுத்துக் கரைந்து போகலாம். நான் முதலில் வாங்கிய செடி இப்படிக் கரைந்தபோது, செத்தது என்று பிடுங்கி எறிந்தேன். என் அறியாமையை என்னென்பது! செடி சாகவில்லை. நீரோ ஒளியோ திடீரென மாறினால் பழைய இலைகளைக் கழித்துவிடுவது இதன் இயல்பு. கிழங்கு உறுதியாக இருந்தால் அழுகிய இலைகளை மட்டும் அகற்றிவிட்டு அப்படியே விடுங்கள். இடம் மாற்றாதீர்கள், உரம் போட்டு அவசரப்படுத்தாதீர்கள். சில வாரங்களில் புதுக்குருத்து எழும். இரண்டாம் முறை நான் செய்ததெல்லாம் சும்மா இருந்ததுதான். அச்செடி இன்று பக்கக்கன்றுகளும் ஈன்றிருக்கிறது.

ஆப்பிரிக்காவின் அனுபியாசும், ஜாவாப் பெரணியும் மங்கிய ஒளிக்கு ஏற்றவையே. ஆனால் அவற்றின் தண்டுக்கிழங்கை மணலில் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள்; வேர் தானே பற்றிக்கொள்ளும்.

தொட்டியில் மிகுந்த செடிகளைக் குக்கரஹள்ளி ஏரியில் விட்டுவிடலாம் என்று யாருக்கேனும் தோன்றினால், ஆகாயத்தாமரையை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னமெரிக்காவில் பிறந்த அதனை அழகுக்காகத்தான் நாடு நாடாகக் கொண்டு சென்றார்கள். அது நம் ஏரிகளையே மூடிவிட்டதன்றோ? மிகுந்ததை நண்பருக்குக் கொடுங்கள். இல்லையேல் நன்றாக உலர்த்தி எருக்குழியில் இடுங்கள்.