கையெழுத்து யார் போட்டது?



2009-ல் கம்மம் மாவட்டத்தில் (அன்று ஆந்திரா, இன்று தெலங்கானா) 10 முதல் 14 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு ஆய்வுக்காகக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டார்கள். விடுதிப் பிள்ளைகள் பலருக்குப் பெற்றோருக்குப் பதில் வார்டனே கையெழுத்து போட்டுவிட்டார். 2010-ல் அரசு அதை நிறுத்தியது. தடுப்பூசியைக் குறை சொல்லலைங்க. தாய்தகப்பனைக் கேட்காம போட்டதுதான் தப்பு.

நம்ம பக்கம் விடிஞ்சதும் பட்டாசு ஆலை வேன் பிடிக்கிற அவசரத்தில், பிள்ளை நீட்டுற தாளில் அப்படியே கையெழுத்து போடுறோம். புது மருந்து ஆராய்ச்சி என்றால் கொஞ்சம் நில்லுங்க. என்ன மருந்து, என்ன பக்கவிளைவு, சேராவிட்டாலும் வழக்கமான வைத்தியம் உண்டா என்று கேளுங்க. சேர்ந்தபிறகும் விலகலாம். ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை தரணும்னு 2019 விதிகள் சொல்லுது. ஒப்புதல் தாளின் நகலைக் கேட்டு வாங்கி, குழு பாஸ்புக்கோட பத்திரமா வையுங்க.