வந்தது என்ன என்று சொல்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஜேசன் பார்சரை ஓட்டிப் பார்த்தேன். சரியான கோப்புகளை நன்றாகப் படிக்கிறது. கோப்பில் தவறு இருந்தால் மட்டும் 'தொடரியல் பிழை' என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஒழுங்காக ஓடும்வரை பார்சரை யாரும் நினைப்பதில்லை. திணறும்போதுதான் அதன் பேச்சைக் கேட்கிறார்கள். ஆகவே அந்தப் பேச்சுக்கு நேரம் செலவழி.

எங்கே, என்ன வந்தது, என்ன வந்திருக்க வேண்டும்: மூன்றையும் சொல். பலர் விட்டுவிடுவது நடுவில் இருப்பதைத்தான்.

சர்வரிலிருந்து ஜேசனை எதிர்பார்க்கும்போது, 0-ஆவது இடத்தில் '<' வந்ததாகப் பிழை வருவது ஜாவாஸ்கிரிப்ட் எழுதுவோருக்குப் பழக்கமானது. குரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜினான வி8 முன்பு அத்தோடு நிறுத்திக்கொண்டது. இப்போது, வந்த உரையின் ஒரு துண்டையும் சேர்த்துக் காட்டுகிறது. அதில் எச்டிஎம்எல் பக்கத்தின் தொடக்கத்தைப் பார்த்தவுடனே, சர்வர் வேறு எதையோ அனுப்பியிருக்கிறது என்று புரிந்துவிடும். ஜேசனில் தவறு தேடி அலைய வேண்டியதில்லை.

வேர்டிலிருந்து ஒட்டிய வளைந்த மேற்கோள் குறியும், சாதாரண இடைவெளி போலவே தெரியும் உடையா இடைவெளியும் கண்ணை ஏமாற்றும். அவற்றுக்கு யூனிகோட் எண்ணையும் கொடு. பைத்தான் அப்படித்தான் செய்கிறது.

இடத்தைச் சொல்வதிலும் கவனம் வேண்டும். பார்சர் தடுக்கி விழும் இடம் வேறு, எழுதியவர் தவறிய இடம் வேறு. மூடாத அடைப்புக்குறிக்கு, பைத்தான் பல நேரம் அடுத்த வரியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது. 2021-இல் வந்த 3.10 பதிப்பு, திறந்த குறியையே சுட்டி 'இது மூடப்படவில்லை' என்கிறது.

தமிழ்க் கோப்பில் இன்னொரு சிக்கல். 'நிதி' கண்ணுக்கு 2 எழுத்து. யூனிகோடில் 4 குறியெண். யூடிஎஃப்-8-இல் 12 பைட். பைட்டை எண்ணித் தவறின் கீழே அம்புக்குறி போட்டால் அது எங்கோ வலப்பக்கம் போய் நிற்கும். எண்ணை மட்டும் நம்பாதே. தவறு நேர்ந்த துண்டையே எடுத்துக் காட்டு. நீளமாக இருந்தால் வெட்டிக் காட்டு. எதிர்பார்த்தவற்றில் பொருந்தக்கூடிய ஓரிரண்டைச் சொன்னால் போதும். முழுப் பட்டியலை யாரும் படிக்க மாட்டார்கள்.

உடைந்த கோப்புகளை ஒரு ஃபோல்டரில் சேர்த்து வை. ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய செய்தியை வார்த்தைக்கு வார்த்தை டெஸ்டாக எழுது. பார்சரை எத்தனை முறை மாற்றினாலும் செய்தி கெடாமல் அது காக்கும். நள்ளிரவில் முகம் தெரியாத ஒருவர் உன் செய்தியை மட்டும் நம்பித் தவறைத் தேடுவார். அவருக்கு நீ செய்யக்கூடிய உதவி இதுதான்.

அன்புடன்,
அண்ணன்