கம்பத்தில் நிற்கும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

திண்டிவனத்திலிருந்து பேருந்து ஏறி விழுப்புரத்துக்கு மல்லர் கம்பம் பழகப் போகிறவள் நீ. உன் கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது. கம்பத்தின் மேலே அசையாமல் நிற்கும்போதுதான் உடம்பு அதிகம் நடுங்குகிறது. அசைவே இல்லையென்றால் சக்தி எங்கே போகிறது?

தசைக்குள் தடித்த மயோசின் இழைகளும் மெல்லிய ஆக்டின் இழைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன. ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிப் போவதால்தான் தசை சுருங்குகிறது என்று 1954இல் ஒரே இதழில் இரு குழுக்கள் எழுதின. இரண்டிலும் ஹக்ஸ்லி என்ற பெயரில் ஒருவர் இருந்தார். இருவரும் உறவினர் அல்லர். மயோசின் தலை ஆக்டினைப் பற்றும், இழுக்கும், விடும், மறுபடி பற்றும். ஓர் இழுப்பின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்கு.

என்னை இன்றும் வியக்க வைப்பது அந்த 'விடுதல்'. பற்றிய பிடியை விட, தசைக்குச் சக்தி தரும் ஏடிபி என்ற மூலக்கூறு புதிதாக ஒன்று தலையில் வந்து ஒட்ட வேண்டும். உயிர் போனபின் ஏடிபி தீர்ந்துவிடுவதால் பிடி விடாது. பிணம் விறைப்பது அதனால்தான். நீ அசையாமல் நிற்கும்போதும் கோடிக்கணக்கான தலைகள் மாறிமாறிப் பற்றி விட்டுக்கொண்டே இருக்கின்றன. எதுவும் நகராததால் இயற்பியல் கணக்கில் வேலை பூஜ்யம். செலவான ஏடிபி எல்லாம் வெப்பமாகிறது. மார்கழிக் காலையிலும் உனக்கு வியர்ப்பது அதனால்தான்.

கையிருப்பு ஏடிபி சில நொடிகளுக்குத்தான் வரும். ஏடிபியை உடனே மீட்டுத் தரும் கிரியாட்டின் பாஸ்பேட் இன்னும் பத்து நொடி போலத் தாங்கும். இறுக்கிய தசை தன் ரத்தக் குழாய்களையே நெரிப்பதால் ஆக்சிஜனும் குறையும். இவை உடைவதால் சேரும் பாஸ்பேட் பிடியைத் தளர்த்தும். அதனால் வழுக்கிவிடுமோ என்ற பயத்தில் கழுத்து, தாடை எல்லாவற்றையும் இறுக்காதே. அந்த நிலைக்கு எந்தத் தசை வேண்டுமோ அது மட்டும் உழைக்கட்டும். இறங்கியதும் உடனே ஏறாதே. கிரியாட்டின் பாஸ்பேட் திரும்பச் சேர மூன்று நான்கு நிமிடமாவது கொடு.

மெதுவாக இறங்கிப் பழகு. அப்போது நீண்டுகொண்டே தாங்கும் தசை, குறைந்த ஏடிபியில் அதிக பாரம் தாங்கும், பலமும் ஏறும். ஆனால் மறுநாள் வலிக்கும். அதை லாக்டிக் ஆசிட் என்பார்கள். ஆனால் அந்த ஆசிட் ஓரிரு மணி நேரத்தில் போய்விடும். மறுநாள் வலி, நார்களில் விழுந்த நுண்ணிய காயங்களால் வருவது. ஆறச் சில நாள் ஆகும் என்பதால், போட்டிக்கு முந்தைய மூன்று நாளும் மெதுவாக இறங்கும் பயிற்சியை நிறுத்திவிடு.

அன்புடன்,
அண்ணன்