பயிரின் நோயைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து அனுப்பும் முறை

புளத்கொகுபிட்டியப் பகுதியின் நெல்வயல்கள் பெரும்பாலும் தேயிலை, இறப்பர் மலைச்சரிவுகளுக்கு இடையே, பள்ளத்தாக்கின் அடியில் ஒடுங்கிய கீற்றுகளாக அமைந்துள்ளன. மரக்கறிப் பயிர்களோ வீட்டு முற்றங்களிலும், லயன்களை அடுத்த சிறு நிலங்களிலும் செய்கை பண்ணப்படுகின்றன. விவசாயப் போதனாசிரியர் ஒருவர் இவ்விடங்கள் யாவற்றுக்கும் வேண்டியபோதெல்லாம் நேரிற் செல்லுதல் இயலாத காரியம். ஆகையால் விவசாயிகள் பலர் நோயுற்ற இலையைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து அனுப்பி, இதற்கு என்ன மருந்து தெளிக்கலாம் என்று கேட்கின்றனர். இது நல்ல வழக்கமே. ஆயினும் அவ்வாறு வரும் படங்களுட் பல கலங்கிய பச்சை நிறத் திரளாகவே தோன்றுகின்றன. அவற்றைக் கொண்டு நோய் இன்னதென்று நிருணயிக்க முடியாது. நோயை நிருணயிக்காமல் மருந்து தெளிப்பவருக்குப் பணமும் நட்டம், பயிரும் நட்டம்.

தூரத்திலுள்ள நிபுணரிடம் பயிரின் நோயைக் காட்டும் முயற்சி இந்நாட்டுக்குப் புதிதன்று. 1869ஆம் ஆண்டில் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் தோன்றியபொழுது, பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராயிருந்த துவெயிற்ஸ் என்பவர் நோயுற்ற இலைகளைக் கப்பல் வழியாக இங்கிலாந்துக்கு அனுப்பினார். அங்கே பேர்க்கிலி என்னும் பங்கசு நிபுணர் அவற்றை ஆராய்ந்து அந்நோய்க்கிருமிக்குப் பெயரிட்டார். மார்ஷல் வார்ட் என்னும் விஞ்ஞானி அந்நோயை ஆராய இங்கு வந்து சேர்ந்தது 1880ஆம் ஆண்டிலேதான். அதற்குள் நோய் மலைநாடெங்கும் பரவிவிட்டது. கோப்பி நின்ற நிலங்களிற் பின்னர் தேயிலை ஏறியது. அன்று கடல் கடந்து சென்ற இலையின் தோற்றம் இன்று ஒரு நிமிடத்திற் போய்ச் சேருகின்றது. எனினும் போய்ச் சேரும் படம் உண்மையைக் காட்டினாலன்றி இவ்விரைவினாற் பயனில்லை.

நிறம் மாறினால் நோயும் மாறித் தோன்றும்

நம் பகுதி வயல்களில் அடிக்கடி நேரும் ஒன்றை உதாரணமாகக் கொள்வோம். மலைச்சரிவிலிருந்து கசிந்து வரும் நீர் தேங்கும் தாழ்ந்த வயல்களில் இரும்பு நச்சுத்தன்மை உண்டாகின்றது. முதலிற் கீழ் இலைகளின் நுனியிற் சிறு கபிலநிறப் புள்ளிகள் தோன்றிப் பின்னர் அடிவரை பரவும். இலை செம்மஞ்சளாகவோ வெண்கல நிறமாகவோ மாறும். வேர்கள் குறைந்து, கபிலநிறப் படிவு படிந்து காணப்படும். இதற்கு வேண்டியது நீரை வடித்தலும், கசிவு நீர் வயலுக்குள் இறங்காமல் வாய்க்கால் வெட்டுதலும், பொற்றாசியப் பசளையைக் குறைவின்றி இடுதலுமாகும். பங்கசுநாசினி இதற்கு ஒரு துளியும் உதவாது. ஆனால் எரிபந்த நோயிலும் கபிலப்புள்ளி நோயிலும் இலையிற் புள்ளிகளே தோன்றுகின்றன. எரிபந்தத்தின் புள்ளி இரு நுனியும் கூராகி, நடுவிற் சாம்பல் நிறமும் ஓரத்திற் கபில நிறமும் கொண்டிருக்கும். கபிலப்புள்ளி நோயின் புள்ளி நீள்வட்டமானது. இவ்வேற்றுமை சில மில்லிமீற்றர் அளவிலேயே உள்ளது. படம் தெளிவற்றதாயின் மூன்றும் ஒன்றாகவே தோன்றும். மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு என்பதை நினைவிற் கொள்க.

நிறத்தைக் கெடுப்பதில் முதற் குற்றவாளி, தொலைபேசியிற் படத்தை அழகுபடுத்துவதற்கென அமைந்துள்ள வசதியாகும். பல தொலைபேசிகள், எதிரே உள்ளது பயிர் என்று தாமே அறிந்து, பச்சையை மேலும் பச்சையாக்கிவிடும். கல்யாண வீட்டுப் படத்துக்கு இது பொருந்தலாம். வெளிறிய நெற்பயிர் செழித்த பயிராகத் தோன்றுவது நமக்கு எவ்வாறு பொருந்தும்? கமராவின் அமைப்புகளுட் சென்று, செயற்கை நுண்ணறிவு என்றோ காட்சி மேம்பாடு என்றோ பெயரிட்டிருப்பதை நிறுத்திவிடவேண்டும். முகத்தை மெருகூட்டும் வசதியையும், வர்ணம் மாற்றும் வடிப்பான்களையும் பயன்படுத்தலாகாது. ஆட்களின் உருவப்படத்துக்கென உள்ள முறையும் வேண்டா. அது பின்னணியை வேண்டுமென்றே மங்கலாக்குவதால், இலையின் ஓரமும் அதனுடன் மங்கிப் போகின்றது.

இரண்டாவது, வெளிச்சத்தின் அளவு. கமரா, காட்சி முழுவதையும் அளந்து நடுத்தரமான வெளிச்சத்தைத் தெரிந்தெடுக்கின்றது. கரிய சேற்றின் முன்னே ஓர் இலையைப் பிடித்தால், காட்சி இருண்டது என எண்ணி வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அப்போது நல்ல இலையும் வெளிறி, தழைச்சத்துக் குறைந்ததுபோற் காணப்படும். பளிச்சென்ற வானத்தை நோக்கிப் பிடித்தால் இலை கரிய நிழலாகும். இதற்குப் பரிகாரம் எளிது. திரையில் இலை தெரியும் இடத்தை விரலால் ஒருமுறை தொடுக. கமரா அவ்விடத்துக்கே வெளிச்சத்தையும் தெளிவையும் பொருத்திக்கொள்ளும். தொட்ட இடத்தின் அருகே சூரியன் போன்ற சிறு குறியொன்று பெரும்பாலான தொலைபேசிகளில் தோன்றும். அதனைக் கீழே இழுத்தால் படம் இருளும், மேலே இழுத்தால் வெளிக்கும். கையிலுள்ள இலையும் திரையிலுள்ள இலையும் ஒரே நிறமாகத் தோன்றும்வரை சரிசெய்துகொள்க. விரலை எடுக்காமல் இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தால் அவ்வளவிலேயே கமரா பூட்டப்பட்டு நிற்கும். காற்றில் இலை அசையும்போது இது பெரிதும் உதவும்.

நிறத்தை நம்பத்தக்கதாக்க இன்னுமொரு வழியுண்டு. இலையின் அருகே ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டை வைத்து, அதனையும் சேர்த்துப் படம்பிடிக்கவேண்டும். கடதாசி படத்தில் மஞ்சளாகத் தெரிந்தால், இலையின் மஞ்சள் நிறத்திலும் ஒரு பங்கு கமராவினது என்பதைப் பார்ப்பவர் அறிந்துகொள்வார். அக்கடதாசியிலேயே திகதி, நெல்லினம், விதைத்த அல்லது நட்ட நாள் ஆகியவற்றை எழுதி, பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றையும் அருகில் வைத்தால் புள்ளியின் அளவும் விளங்கும். செலவில்லாத இவ்வுபாயத்தைச் செய்து அனுப்புவோர் மிகச் சிலரே.

வெளிச்சமும் வேளையும்

நடுப்பகலின் நேர்வெயில் படத்துக்குப் பகை. ஈரமான இலையில் அது கண்ணாடிபோற் பளபளத்துப் புள்ளியை மறைத்துவிடும். நம் பகுதியில் மேகமூட்டத்துக்குக் குறைவில்லை. பயிரைப் படம்பிடிக்க அதனிலும் சிறந்த வெளிச்சம் கிடைக்காது. வெயில் எறிக்கும் நாளாயின் ஒருவர் குடையை விரித்துப் பிடிக்க, அதன் நிழலிற் படம்பிடிக்கலாம். கறுப்புக் குடையே நல்லது. வர்ணக் குடை தன் நிறத்தை இலையின்மேல் வீழ்த்தும். கமராவின் மின்னல் விளக்கை நிறுத்திவைத்தல் வேண்டும்.

எடுக்கும் முன்னர் கமராவின் கண்ணாடியைச் சுத்தமான பருத்தித் துணியால் துடைக்க மறத்தலாகாது. சேறும் வியர்வையும் பட்ட சட்டை நுனியால் துடைத்தால் மணற்றுகள்கள் கண்ணாடியைக் கீறிவிடும். படம் முழுவதும் பனிமூட்டம்போற் கலங்கி வருவதற்குக் காரணம் பெரும்பாலும் விரல் எண்ணெயும் மழைத்துளியுமேயன்றித் தொலைபேசியின் மலிவு அன்று.

எவ்வளவு கிட்டப் போகலாம்?

இலையிற் கமராவை முட்டும்வரை கிட்டக் கொண்டுபோவது பலரது பழக்கம். சாதாரண தொலைபேசியின் பிரதான கமரா ஏறத்தாழ ஏழு முதல் பத்துச் சென்ரிமீற்றருக்குள் உள்ள பொருளைத் தெளிவாகக் காட்டாது. சில புதிய தொலைபேசிகளுக்கு இதனிலும் அதிக தூரம் வேண்டும். எனவே ஒரு சாண் தூரத்தில் நின்று எடுத்து, பின்னர் வேண்டிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்தல் நன்று. இரு விரல்களால் திரையை அகட்டிப் பல மடங்கு பெருப்பிப்பதால் புதிய விபரம் எதுவும் கிடைக்காது. உள்ள படமே பெரிதாக நீட்டப்படுகின்றது. விலை குறைந்த தொலைபேசிகளில் நுண்படத்துக்கெனத் தனியே ஒரு சிறு கமரா இருக்கக்கூடும். அது பெரும்பாலும் இரண்டு மெகாபிக்சல் மட்டுமே கொண்டது. பிரதான கமராவிலும் அதிலும் ஒவ்வொரு படம் எடுத்து ஒப்பிட்டுப் பார்த்து, நல்லதை வைத்துக்கொள்க. பத்து மடங்கு பெருப்பிக்கும் கைவில்லை ஒன்று கிடைத்தால், அதைக் கமராவின் கண்ணாடியோடு ஒட்டிப் பிடித்துச் சிற்றுண்ணிகளையுங்கூடப் படம்பிடிக்கலாம்.

ஐம்பது மெகாபிக்சல் முறையைத் தெரிவுசெய்ய வேண்டிய அவசியமில்லை. வழக்கமான பன்னிரண்டு மெகாபிக்சல் அளவு நம் தேவைக்குப் போதுமானது. பட வடிவம் நான்குக்கு மூன்று என்றிருக்கட்டும்.

ஒரு படம் போதாது

நோயாளியின் ஒரு விரலை மட்டும் பார்த்து எந்த வைத்தியரும் மருந்து எழுதுவதில்லை. முதலில் வரம்பில் நின்று வயல் முழுவதையும் எடுக்கவேண்டும். நோய் வட்டமான திட்டுகளாக உள்ளதா, நீர் வரும் வாயிலில் உள்ளதா, ஓரங்களில் மட்டும் உள்ளதா என்பது இதிலேதான் தெரியும். பின்னர் ஒரு முழுச் செடி. அதனருகே நோயற்ற செடியொன்று நின்றால் இரண்டும் ஒரே படத்தில் வரவேண்டும். அதன்பின் நோயுற்ற உறுப்பு. இலையாயின் இரு பக்கமும் எடுக்கவேண்டும். கத்தரியிலும் கறிமிளகாயிலும் வெள்ளை ஈயும் சிற்றுண்ணியும் இலையின் அடிப்பக்கத்திலேயே வாழ்கின்றன. மேற்பக்கத்தை மட்டும் கண்டவர் வைரசு நோய் என்று சொல்லிவிடக்கூடும்.

கபிலநிறத் தத்தியோ நெற்குற்றியின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூடியிருக்கும். மேலிருந்து எடுத்த படத்தில் அது தெரியவே தெரியாது; தெரியும்போது வயலிற் காய்ந்த வட்டங்கள் விழுந்திருக்கும். குற்றிகளை இரு கையாலும் விலக்கி, மற்றொருவர் தமது தொலைபேசியின் ரோச் வெளிச்சத்தைப் பக்கவாட்டிற் பிடிக்க, தண்டின் அடியைப் படம்பிடிக்கவேண்டும். இளம் பயிரில் இலைச்சுருட்டிப் புழுவைக் கண்டு அவசரமாக மருந்து தெளிப்போர் சிலந்தி முதலிய நன்மை செய்யும் உயிர்களைக் கொன்று, தத்தி பெருகுவதற்குத் தாமே வழிசெய்கின்றனர். அடித்தண்டின் படம் ஒன்று அந்த அவசரத்தைத் தடுக்கும். நாற்றுப் பருவத்திற் பனிப்பூச்சி உண்டோவென அறிய, உள்ளங்கையை நனைத்து இலைகளின்மேல் தடவுக. ஒட்டிக்கொள்ளும் சிறு கரிய பூச்சிகளை உள்ளங்கையோடு படம்பிடித்து அனுப்பலாம்.

வீடியோ எப்போது வேண்டும்?

அசைவும் மாற்றமும் நோயின் அடையாளமாக இருக்கும் இடத்திலேதான் வீடியோவுக்குப் பயனுண்டு. தக்காளிச் செடி இலை மஞ்சளாகாமலே திடீரென வாடினால் பக்டீரியா வாடல் நோயைச் சந்தேகிக்கவேண்டும். அச்செடியின் தண்டை அடியிற் குறுக்கே வெட்டி, நிறமற்ற கண்ணாடிக் குவளையிலுள்ள தெளிந்த நீரில், வெட்டிய முனை நீருள் தொங்குமாறு அசையாது பிடிக்கவேண்டும். பக்டீரியா இருப்பின் சில நிமிடங்களுள் முனையிலிருந்து பால்போன்ற நூல்கள் கீழே இறங்கும். குவளையின் பின்னே ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு, தொலைபேசியைச் செங்கல்லின்மேற் சாய்த்துவைத்து, தண்டின் முனையை அழுத்திப் பிடித்துக் கமராவைப் பூட்டியபின் பதிவுசெய்க. இந்நோய்க்கு மருந்து தெளித்துப் பயனில்லை. செடியை வேரோடு அகற்றி அழிப்பதும், அந்நிலத்திற் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய அதே குடும்பப் பயிர்களைத் தவிர்ப்பதுமே வழி. ஆகையால் இவ்வொரு நிமிடக் காட்சி மருந்துக் கடைக்குச் செல்லும் செலவை மிச்சப்படுத்தும்.

வீடியோவுக்கு 1080 வரி, விநாடிக்கு 30 சட்டகம் என்னும் அமைப்பே போதும். 4K எனப்படும் பெரிய அமைப்பிற் புள்ளிகளின் தொகை நான்கு மடங்காகும். நம் பள்ளத்தாக்குகளில் கிடைக்கும் மெல்லிய அலைவரிசையில் அதனை அனுப்பி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடும். தொலைபேசியைப் படுக்கையாக, இரு கையாலும் பிடித்து, முழங்கைகளை விலாவோடு ஒட்டிக்கொண்டு எடுக்கவேண்டும். வயலைச் சுற்றிக் காட்டும்போது மிக மெதுவாகத் திருப்புதல் அவசியம். பேசிக்கொண்டே எடுப்பதும் நன்று. பயிர் எத்தனை நாள் வயதுடையது, அறிகுறியை முதலிற் கண்ட நாள் எது, இட்ட பசளை என்ன, தெளித்த மருந்து என்ன என்பவற்றை உங்கள் குரலிலேயே சொல்லிவிடலாம். தெளித்த மருந்தை மறைத்துச் சொல்லாதிருப்போர் தொகை குறைவு. அதனால் இழப்பு அவர்களுக்கே.

அனுப்பும்போது

வட்ஸ்அப் வழியாகப் படத்தைச் சாதாரணமாக அனுப்பினால், அது படத்தைப் பெரிதும் சுருக்கி, நுண்ணிய புள்ளிகளை அழித்துவிடுகின்றது. 2023ஆம் ஆண்டு முதல் அதில் எச்.டி. என்னும் குறி சேர்க்கப்பட்டுள்ளது; அனுப்பும் முன் அதனைத் தொடுக. அதனிலும் சிறந்தது, ஆவணம் என்னும் வழியைத் தெரிந்து படத்தை உள்ளபடியே அனுப்புதலாம். அவ்வாறு அனுப்பும்போது எடுத்த திகதியும் நேரமும் படத்தோடு கூடவே வரும். சாதாரணமாக அனுப்பினால் அவை நீங்கிவிடும். அலைவரிசை குன்றிய இடத்திலுள்ளோர் படங்களைப் பகலில் எடுத்து வைத்து, தெருவுக்கு ஏறியபின் அனுப்பலாம். இணைய வசதி இல்லாதோர் 1920 என்னும் விவசாய ஆலோசனைத் தொலைபேசி இலக்கத்துடன் பேசலாம். அப்போதும் எடுத்த படத்தைத் திரையிற் பார்த்துக்கொண்டே விடை சொன்னால், புள்ளியின் வடிவத்தைத் தடுமாறாது விபரிக்க முடியும்.

வேரிலும் மண்ணிலும் உள்ள நோய்கள் சில படத்துக்கு அகப்படா. செடி குன்றியும் இலையிற் குறையொன்றும் தோன்றாவிட்டால், செடியை மண்ணோடு கிண்டியெடுத்து, வேரை மெதுவாகக் கழுவி, வெள்ளைக் கடதாசியிற் பரப்பிப் படம்பிடிக்கவேண்டும். வேரில் முடிச்சுகள் காணப்பட்டால் வட்டப்புழுவின் தாக்கமாயிருக்கக்கூடும். அதன்பின்னும் ஐயம் இருப்பின், வேரில் மண் ஒட்டியபடியே இரண்டு மூன்று செடிகளைச் செய்தித்தாளிற் சுற்றி, நீர் தெளிக்காமல், அன்றைய தினமே கமநல சேவை நிலையத்திலுள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுவருக. பொலித்தீன் பையில் ஈரத்தோடு கட்டிய செடி வழியிலேயே அழுகி, இல்லாத நோயையும் காட்டும்.