பதில் வந்து சேரும் வாசல்

அன்புள்ள கண்ணம்மா,

செவ்வாய்க்கிழமை நீ அனுப்பிய மெயிலுக்கு அன்று இரவே பதில் போட்டேன். வெள்ளிக்கிழமை போனில் பேசும்போது, "பதிலே போடலையே சித்தி" என்றாய். தேடிப் பார்த்தால், நீ பத்தாம் வகுப்பில் தொடங்கிய பழைய முகவரியிலிருந்து அந்த மெயில் வந்திருக்கிறது. உன் போனில் மூன்று கணக்குகள் இருக்கின்றன. எழுதும்போது எது மேலே நின்றதோ, அதிலிருந்தே போய்விட்டது. என் பதிலும் அங்கேயே போய், நீ திறக்காத பெட்டியில் கிடந்தது. எனக்கு எழுதியதால் பரவாயில்லை. அடுத்த மாதம் நீ வேலைக்கு விண்ணப்பிக்கப் போகிறாய். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

பள்ளியில் கடிதம் எழுதப் பழக்கியபோது 'அனுப்புநர்' என்றுதான் தொடங்கச் சொன்னார்கள். 'பெறுநர்' அதற்குப் பிறகுதான். அனுப்புநர் முகவரி இல்லாத கடிதமும் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் பதில் வர வழியில்லை. அந்த வீட்டில் ஆள் இல்லையென்றால் திரும்பி வரவும் இடமில்லை. மெயிலில் அந்த வரியை மென்பொருளே நிரப்பிவிடுவதால் நம் கண் அதன்மேல் படுவதே இல்லை.

உண்மையில் ஒரு மெயிலில் அனுப்புநர் முகவரி மூன்று இடங்களில் இருக்கலாம். முதலாவது, பெறுபவர் கண்ணில் படும் 'ஃப்ரம்'. இரண்டாவது 'ரிப்ளை-டு': இது இருந்தால், அவர் பதில் பொத்தானை அழுத்தும்போது ஃப்ரம் முகவரியை விட்டுவிட்டு இங்கே எழுதியிருக்கும் முகவரிக்குப் பதில் போகும். மூன்றாவது யார் கண்ணிலும் சாதாரணமாகப் படாது. சர்வர்கள் தங்களுக்குள் மெயிலைக் கைமாற்றும்போது பயன்படுத்தும் உறை முகவரி அது. மெயில் சேர முடியாமல் போனால், 'சேர்க்க இயலவில்லை' என்ற அறிவிப்பு இந்த உறை முகவரிக்குத்தான் வரும். பெறும் சர்வர் அதை 'ரிட்டர்ன்-பாத்' என்று மெயிலின் தலைப்பில் பதிந்து வைக்கிறது. கணினியில் ஜிமெயிலைத் திறந்து, ஏதாவது ஒரு வங்கி மெயிலில் மூன்று புள்ளிகளை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' கொடுத்துப் பார். ரிட்டர்ன்-பாத்தில் இருக்கும் முகவரி ஃப்ரமில் இருப்பதிலிருந்து வேறாக இருப்பதை அடிக்கடி காண்பாய்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு நுணுக்கம் உண்டு. திரும்பி வரும் அந்த அறிவிப்பின் உறையில் அனுப்புநர் இடம் காலியாகவே விடப்படுகிறது. ஏனென்றால் அங்கே முகவரி இருந்து, அந்த அறிவிப்பும் சேராமல் போனால், அதற்கு ஓர் அறிவிப்பு, அதற்கும் ஒன்று என்று இரண்டு சர்வர்களும் முடிவில்லாமல் எழுதிக்கொண்டே இருக்கும். சர்வர்கள் மெயிலைக் கைமாற்றுவதற்காக 1982-இல் ஜான் போஸ்டெல் எழுதிய எஸ்எம்டிபி விதிகளிலேயே இதற்கு வழி வைத்திருக்கிறார்.

அதே விதிகள், ஃப்ரம் வரியில் எழுதியவர் யார் என்று சோதிக்கச் சொல்லவில்லை. யார் பெயரிலும் யாரும் அனுப்பலாம் என்ற நிலை அதனால்தான் வந்தது. பிறகு ஒவ்வொரு பூட்டாகப் போட்டார்கள். ஒரு டொமைனின், அதாவது முகவரியில் அட் குறிக்கு வலப்பக்கம் இருப்பதன், பெயரில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று பட்டியலிடுவது எஸ்பிஎஃப். மெயிலில் மின்னணு முத்திரை குத்துவது டிகேஐஎம். இவற்றில் ஒன்றாவது ஃப்ரம் வரியின் டொமைனோடு பொருந்துகிறதா என்று பார்க்கச் சொல்வது டிமார்க். ஒரு கணக்கில் இருந்துகொண்டு இன்னொரு முகவரியை ஃப்ரமில் வைக்க ஆசைப்பட்டால், அந்த முகவரியின் சர்வர் வழியாகவே அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பேமில் விழும், அல்லது வாசலிலேயே நிறுத்தப்படும்.

ஜிமெயிலில் இதை முறையாகச் செய்யலாம். போன் செயலியில் தேடாதே, கணினியில் செட்டிங்ஸுக்குப் போ. 'அக்கவுண்ட்ஸ் அண்ட் இம்போர்ட்' பக்கத்தில் 'சென்ட் மெயில் ஆஸ்' என்று இருக்கும். அங்கே உன் இன்னொரு முகவரியைச் சேர்த்தால், அது உன்னுடையதுதானா என்று ஒரு குறியீடு அனுப்பிச் சரிபார்க்கும். சேர்த்த பிறகு ஒரு கேள்வி தோன்றும்: பதில் எழுதும்போது எப்போதும் ஒரே முகவரியா, அல்லது மெயில் எந்த முகவரிக்கு வந்ததோ அதுவேயா? இரண்டாவதைத் தேர்ந்துகொள். கல்லூரி முகவரிக்குப் பேராசிரியர் எழுதியதற்கு உன் பழைய முகவரியிலிருந்து பதில் போனால் அவருக்கு நீ யாரென்றே தெரியாது. 'அன்டூ சென்ட்' நேரத்தையும் 30 நொடியாகக் கூட்டிவை. ஃப்ரம் தவறிப்போனது பெரும்பாலும் அனுப்பிய அடுத்த கணம்தான் கண்ணில் படும்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. 1971-இல் ரே டாம்லின்சன் ஆளின் பெயரையும் கணினியின் பெயரையும் பிரிக்க அட் குறியை வைத்தார். அந்தக் குறிக்கு இடப்பக்கம் இருப்பது நீ. வலப்பக்கம் இருப்பவர் வீட்டுக்காரர். கல்லூரி முகவரி கல்லூரியின் வீடு. நீ அங்கே குடியிருக்கிறாய், அவ்வளவுதான்.

எனக்கு இது பட்டுத்தான் தெரிந்தது. முதல் வேலையில் இருந்தபோது ஒரு பதிப்பகத்துக்கு என் மொழிபெயர்ப்பு மாதிரியை அலுவலக முகவரியிலிருந்து அனுப்பினேன். கையருகே இருந்தது அதுதான். இரண்டு மாதத்தில் அந்த வேலையை விட்டேன், முகவரியை மூடிவிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் புத்தகக் கண்காட்சியில் அந்தப் பதிப்பாசிரியரைப் பார்த்தேன். "உங்களுக்கு எழுதினேனே அம்மா, திரும்பி வந்துவிட்டதே" என்றார். புத்தகம் அதற்குள் வேறொருவர் கைக்குப் போயிருந்தது. இன்றும் அந்தப் புத்தகத்தைக் கடைகளில் பார்த்தால் எடுத்துப் புரட்டிவிட்டுத்தான் வைக்கிறேன்.

ஆகவே வேலை விண்ணப்பம், வங்கி, பாஸ்போர்ட், வருமான வரி என்று பல ஆண்டுகள் கழித்தும் பதில் வரக்கூடிய எதையும் உன் சொந்தப் பெயரில் உள்ள முகவரியிலிருந்தே அனுப்பு. கல்லூரி முகவரியைக் கல்லூரி வேலைக்கு மட்டும் வைத்துக்கொள். கல்லூரி அடையாளம் காட்டியே ஆகவேண்டிய இடத்தில் அந்த முகவரியிலிருந்து எழுதி, ரிப்ளை-டுவில் சொந்த முகவரியை வை. மெயிலின் அடியிலும் அதை ஒரு வரியாக எழுது. பத்தாம் வகுப்பில் வைத்த அந்தச் செல்லப்பெயர் முகவரியை அழித்துவிடாதே. உதவித்தொகைக்கு அம்மா பதிந்தது அதில்தான். அங்கே வருவதெல்லாம் உன் சொந்த முகவரிக்குத் தானே வந்துவிடும்படி ஃபார்வர்டு போடு. உதவித்தொகைப் பக்கத்தில் முகவரியை மாற்றும்போது, ஒரு குறியீடு பழைய பெட்டிக்குப் போகலாம். அதனால் அதன் பாஸ்வேர்டு இன்னும் நினைவிருக்கிறதா என்று இன்றே திறந்து பார்த்துவிடு.

அம்மாவிடம் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொல். லேப்டாப்பைச் சார்ஜ் போட்டு வை. சென்ட் மெயில் ஆஸ் பக்கத்தைச் சேர்ந்தே செய்துவிடலாம்.

அன்புடன்,
சித்தி