மனச்சிதைவு நோய்க்கு வைட்டமின் மருந்தாகுமா?

மாணவர்களே! வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும், சி குறைந்தால் ஸ்கர்வி வரும் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். வைட்டமின் குறைந்தால் சித்தம் கலங்குமா? கலங்கும். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மனநோய் மருத்துவமனைகளில் இருந்தவர்களுள் பலர், பெலாக்ரா என்ற நோயால் அறிவு தடுமாறியவர்கள். மக்காச்சோளத்தையே பெரிதும் உண்டு வாழ்ந்த ஏழைகளை இந்நோய் பற்றியது. வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து வெடிக்கும், வயிற்றுப்போக்கு வரும், பிறகு மனம் குழம்பும். இதைத் தொற்றுநோய் என்றே பலரும் நம்பினர். 1914 முதல் இதை ஆராய்ந்த ஜோசப் கோல்ட்பர்கர் என்னும் மருத்துவர், அநாதை இல்லக் குழந்தைகளின் உணவில் பாலும் முட்டையும் இறைச்சியும் சேர்த்தபோது நோய் மறைவதைக் காட்டினார். உணவில் குறைந்திருந்த பொருள் நியாசின், அதாவது பி3 வைட்டமின், என்பதற்கு 1937-இல் கான்ராட் எல்வெஜெம் செய்த ஆய்வு வழிகாட்டியது. நியாசின் கொடுத்ததும் பெலாக்ரா நோயாளிகள் பலருடைய மனக்குழப்பம் சில நாள்களிலேயே தெளிந்தது.

அப்படியானால் ஸ்கிசோஃப்ரீனியா எனப்படும் மனச்சிதைவு நோயையும் இவ்வாறு தீர்க்கலாமே என்ற எண்ணம் எழுந்தது இயல்புதான். இது வாலிப வயதில் தொடங்கும் கொடிய நோய். யாரும் பேசாதபோதே குரல்கள் கேட்கும். பிறர் தனக்குத் தீங்கு செய்வதாக நம்பிக்கை வேரூன்றும். பேச்சும் ஊக்கமும் குன்றும். கனடாவின் சஸ்காச்சவான் மாநிலத்தில் ஆப்ரம் ஹாஃபர், ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட் என்ற இரு மருத்துவர்கள் 1950-களின் தொடக்கத்தில் இந்நோயாளிகளுக்கு நாள்தோறும் 3 கிராம் நியாசின் கொடுக்கத் தொடங்கினர். மனிதனின் அன்றாடத் தேவை சுமார் 15 மில்லிகிராம். கணக்கிட்டுப் பாருங்கள்: 200 மடங்கு! பெலாக்ராவில் நடந்தது குறையை நிரப்புதல். இங்கே வைட்டமினையே மருந்தாக்கினார்கள். இரண்டும் ஒன்றல்ல. பலர் நலமடைந்ததாக அவர்கள் அறிவித்தனர்.

இனி நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "எதனோடு ஒப்பிட்டார்கள்?" என்பதே. தனி ஊசல் சோதனையில் நீளத்தை மாற்றும்போது மற்றவற்றை மாற்றாமல் வைக்கிறோம் அல்லவா? மனிதரிடம் அது எளிதன்று. இந்நோய் சில காலம் தானே தணியும். நல்ல மருந்து கிடைத்தது என்ற நம்பிக்கையே சிலருக்குத் தெம்பு தரும். ஆகவே ஒரு பிரிவினருக்கு மருந்தும், மற்றொரு பிரிவினருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் கொடுப்பார்கள். யாருக்கு எது என்பது நோயாளிக்கும் தெரியக் கூடாது. பரிசோதிக்கும் மருத்துவருக்கும் தெரியக் கூடாது. நியாசினோ ஒரு பொல்லாத வைட்டமின்! அதிக அளவில் விழுங்கியவரின் முகமும் கழுத்தும் சிறிது நேரத்தில் சிவந்து சுடும். மறைத்தது வெளிப்பட்டுவிடும். இதற்காகவே சிவப்பை உண்டாக்காத நிகோடினமைடு என்ற வடிவமும் பயன்பட்டது.

1968-இல் லைனஸ் பாலிங் இவ்வகை மருத்துவத்தை ஆதரித்துக் கட்டுரை எழுதினார். இரு நோபல் பரிசுகள் பெற்றவர். ஆனால் பரிசு சான்றாகிவிடாது. மற்ற மருத்துவர்களின் சோதனைகளில் அந்தப் பலன் தென்படவில்லை. 1973-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அமைத்த குழு, இம்முறைக்குப் போதிய ஆதாரம் இல்லை என்று தீர்ப்பளித்தது.

கதை அத்துடன் முடிந்துவிடவில்லை. 1952 முதல் வழக்கத்துக்கு வந்த மனநோய் மருந்துகள் குரல்களையும் தவறான நம்பிக்கைகளையும் அடக்குகின்றன. குன்றிய ஊக்கத்தை அவ்வளவாக மீட்பதில்லை. எனவே மருந்தை நிறுத்தாமல், அதனுடன் வைட்டமினைத் துணையாகச் சேர்த்துப் பார்த்தார்கள். 2013-இல் அமெரிக்காவில் 140 நோயாளிகளிடம் 16 வாரம் நடந்த ஆய்வில் ஃபோலேட்டும் பி12-உம் கொடுக்கப்பட்டன. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தபோது வேறுபாடு தெளிவாகவில்லை. ஃபோலேட்டை உடல் கையாளும் விதத்தை நிர்ணயிக்கும் மரபணுக்களையும் கணக்கில் கொண்டபோதுதான், ஊக்கமின்மை போன்ற குறிகளில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது.

2017-இல் ஜோசப் ஃபர்த் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 18 சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். மொத்தம் 832 நோயாளிகள். பி6, பி12 போன்ற பி வகை வைட்டமின்களை அதிக அளவில் மருந்துடன் சேர்த்தபோது குறிகள் குறைந்தன; சிறிய அளவுகள் பயன்படவில்லை. நோய் தொடங்கி நெடுங்காலம் ஆகாதவர்களிடம் பலன் மிகுதி. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் 832-ஐ 18-ஆல் வகுத்துப் பாருங்கள். சோதனைக்குச் சராசரி 46 பேர்; பிரிவுக்கு 23 பேர். இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் தற்செயலும் பெரிதாகத் தோன்றும்.

இதைப் படித்துவிட்டு யாரேனும் நோயாளியின் மருந்தை நிறுத்தி வைட்டமின் வாங்கிக் கொடுத்தால் நோய் திரும்பவும் தாக்கும். மேலே சொன்ன நற்பலன், மருந்தை விடாமல் உட்கொண்டவர்களிடம் கண்டது. "அதிக அளவு" என்பதிலும் ஆபத்துண்டு. நியாசின் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுக்கும். பி6 நீரில் கரைவதால் மிகுதி சிறுநீரில் போய்விடும் என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தார்கள். நாள்தோறும் 2 கிராமும் அதற்கு மேலும் பி6 விழுங்கி வந்த 7 பேரைப் பற்றி 1983-இல் அமெரிக்க மருத்துவர்கள் எழுதினர். உணர்ச்சி நரம்புகள் பழுதாகி அவர்களுக்குக் கை கால்கள் மரத்துப் போயிருந்தன, நடை தள்ளாடியது.